சேற்றின் மேல் ஒரு நட்சத்திர ஹோட்டல்

வெனிஸ் நகரில் ஆடம்பர ஹோட்டல் தேடுபவரின் கண்ணில் முதலில் படுவது படுக்கையும் சரவிளக்கும்தான். ஜன்னலுக்கு வெளியே கிராண்ட் கனால், படகுத்துறையில் கோண்டோலா, தலைசுற்ற வைக்கும் ஓரிரவு வாடகை. அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் மிகப்பெரிய அதிசயம் எந்தப் படத்திலும் வருவதில்லை. அது தரைக்குக் கீழே, சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த மாளிகையில், எத்தனையாவது மாடியில், எந்தப் பக்கத்து அறையை எடுப்பது என்பதும் விளங்கிவிடும்.

கிரிட்டி பேலஸ் ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். 1475இல் பிசானி குடும்பத்துக்காக எழுந்த மாளிகை இது. அடுத்த நூற்றாண்டில் வெனிஸ் குடியரசின் தலைவராக, அதாவது 'டோஜே'யாக இருந்த ஆந்திரேயா கிரிட்டி இங்கே வாழ்ந்தார். எழுத்தாளர் ஹெமிங்வே விரும்பித் தங்கிய இடமும் இதுதான். ஏறத்தாழ 550 ஆண்டுகளாகச் செங்கல்லும் கல்லும் பளிங்குமாக அந்தக் கட்டடம் கால்வாயின் விளிம்பில் நிற்கிறது. அதன் கீழே பாறை கிடையாது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களிமண்ணும் நிறைந்த காயல் அது. அந்தக் காயலில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் தொகுப்புதான் வெனிஸ்.

அங்கே அஸ்திவாரம் போட்டவர்கள் கையில் எடுத்தது மரம். ஓக், லார்ச், ஆல்டர், எல்ம் என்று கிடைத்த மரங்களின் தண்டுகளைக் கூராக்கிச் சேற்றில் நெருக்கமாக அடித்து இறக்கினார்கள். மலைக்காடுகளில் வெட்டிய மரங்கள் தெப்பங்களாகக் கட்டப்பட்டு ஆற்றுவழியே நகருக்கு வந்தன. கழி அடிப்பதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். கனத்த சம்மட்டிக் கட்டையைப் பலர் சேர்ந்து தூக்கிப் போட வேண்டும். கை ஒன்றுபோல் இயங்குவதற்காகப் பாட்டுப் பாடிக்கொண்டே அடித்தார்கள்.

இந்தக் கழிகள் ஆழத்திலுள்ள கெட்டித் தரையைத் தொட்டு நிற்கின்றன என்றுதான் பலரும் நினைப்பார்கள். இன்றைய பாலங்களின் பைல்கள் அப்படித்தான் பெரும்பாலும் நிற்கின்றன. வெனிஸின் கழிகளில் பல மூன்றரை மீட்டருக்கு மேல் போவதில்லை. சில ஒரு மீட்டர்கூட இல்லை. அவை செய்யும் வேலையே வேறு. ஒரு சதுர மீட்டருக்கு ஒன்பது கழி என்ற கணக்கில் அடிக்கும்போது, ஒவ்வொரு கழியும் தனக்கான இடத்துக்காகச் சுற்றியுள்ள சேற்றை நெருக்குகிறது. மூட்டையில் நெல்லைக் குத்திக் குத்தி நிரப்பினால் மூட்டையே கல்லாக இறுகிவிடுமே, அதுபோலக் கொழகொழவென்று இருந்த சேறு இறுகிவிடுகிறது. இறுகிய சேறு கழியைப் பிடித்துக்கொள்கிறது; கழி சேற்றை நகரவிடாமல் வைத்திருக்கிறது. கட்டடத்தைச் சுமப்பது மரம் மட்டுமல்ல. மரமும் சேறும் நீரும் சேர்ந்த ஒரு கூட்டணி.

கிரிட்டியின் மொட்டைமாடியில் நின்றால் எதிர்க்கரையில் சான்டா மரியா டெல்லா சலூத்தே தேவாலயத்தின் பெரிய குவிமாடம் தெரியும். 1630இல் வந்த கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக 1631இல் தொடங்கிக் கட்டிய ஆலயம் அது. அதற்குக் கீழே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கழிகள் இறக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஒரு காடே தலைகீழாகச் சேற்றில் நிற்கிறது.

மரம் ஏன் மக்கவில்லை? மரத்தை வேகமாகத் தின்பவை பூஞ்சைகள். அவற்றுக்கு ஈரமும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். சேற்றுக்குள் ஈரம் ஏராளம், ஆக்சிஜன் இல்லை. ஆகவே பூஞ்சை வளர வழியில்லை. ஆக்சிஜன் இல்லாமலே வாழும் சில பாக்டீரியாக்கள் மட்டும் மிக மெதுவாக மரத்தின் செல்களை அரிக்கின்றன. அரித்த வெற்றிடத்தை நீர் நிரப்பிக்கொள்வதால் கழியின் வடிவம் கலையாமல் இருக்கிறது. 1902இல் புனித மார்க் சதுக்கத்தின் மணிக்கோபுரம் இடிந்து விழுந்தபோது, அதன் பழைய கழிகள் நல்ல நிலையில் இருந்ததைப் பார்த்து அவற்றையும் பயன்படுத்திக்கொண்டே புதிய கோபுரத்தை எழுப்பினார்கள். அவற்றின் வயது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு.

கழிகளின் தலைமேல் லார்ச் பலகைகளைப் பரப்பி, அதன்மேல் இஸ்திரியக் கல்லை அடுக்கினார்கள். ஆட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையிலுள்ள இஸ்திரியா தீபகற்பத்தில் வெட்டியெடுக்கும் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் இது. அதில் துளைகள் மிகக் குறைவு என்பதால் நீரை உறிஞ்சாது. செங்கல் சுவர் இந்தக் கல்வரிசைக்கு மேலிருந்துதான் தொடங்குகிறது. நம் ஊர்க் கட்டடங்களில் சுவரில் ஈரம் ஏறாமலிருக்க அடித்தளத்தில் போடும் தடுப்புப்பட்டையின் வேலையைத்தான் இந்தக் கல் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது.

கல்வரிசையின் உயரத்தை அன்றைய கடல்மட்டத்தை வைத்தே முடிவுசெய்தார்கள். 1897இல் குறித்துவைத்த மட்டத்தோடு ஒப்பிட்டால் இன்று வெனிஸில் கடலின் சராசரி மட்டம் சுமார் 30 செ.மீ. மேலே இருக்கிறது. கடல் ஏறியது ஒரு காரணம். அருகிலுள்ள மார்கேரா தொழிற்பேட்டைக்காக 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தரை தாழ்ந்தது இன்னொரு காரணம். விளைவு, பல கட்டடங்களில் உப்புநீர் இஸ்திரியக் கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டுவிடுகிறது. செங்கல் அதை மேலே மேலே உறிஞ்சுகிறது. நீர் ஆவியானதும் உப்பு உள்ளேயே படிகமாகி விரிந்து செங்கல்லைப் பிளக்கிறது. படகில் போகும்போது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கவனித்துப் பாருங்கள். பூச்சு உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் உள்வாங்கிப்போய், நடுவிலுள்ள சாந்துக் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் சிவப்புப் பொடி கையோடு வரும்.

இதற்கு வெனிஸ் கொத்தனார்களிடம் ஒரு பழைய வைத்தியம் உண்டு. அதன் பெயர் 'ஸ்கூச்சி-கூச்சி': தையலைப் பிரித்துத் திரும்பத் தைப்பது. கெட்டுப்போன செங்கற்களைச் சிறிது சிறிதாக உருவி, புதியவற்றைச் செருகிக்கொண்டே போவார்கள். மேலே முழு மாளிகையும் நின்றுகொண்டிருக்கும். கீழே சுவர் புதிதாகிக்கொண்டிருக்கும். ஒரு மாளிகை ஹோட்டல் கடைசியாக எப்போது முழுமையாகச் செப்பனிடப்பட்டது என்று கேட்பது, குளியலறை எவ்வளவு பெரியது என்று கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி என்பது என் எண்ணம். ஈரம் ஏறாத சுவர்தான் அங்கே முதல் ஆடம்பரம்.

இனி உள்ளே போவோம். வெனிஸ் மாளிகை என்பது வணிகரின் வீடு, கிடங்கு, அலுவலகம் மூன்றும் சேர்ந்த கட்டடம். கால்வாயைப் பார்த்த வாசல்வழியே சரக்கு நேராகத் தரைத்தளத்துக்கு வந்து இறங்கும். மலபார்க் கரையிலிருந்து செங்கடல், எகிப்து வழியாகப் போன மிளகும் இப்படித்தான் இறங்கியது. அதற்கு மேலே குடும்பத்தார் வாழும் பிரதான மாடி. 'பியானோ நோபிலே' என்பார்கள். அதன் நடுவே, கால்வாய்ப் பக்கத்திலிருந்து பின்புறம் வரை நீளும் பெரிய கூடம் 'போர்த்தேகோ'. இருபுறமும் அறைகள்.

இந்த அமைப்புக்கும் சேற்றுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் சுவர்கள் கால்வாய்க்குச் செங்குத்தாக உள்நோக்கி ஓடுகின்றன. கால்வாயைப் பார்த்த முகப்புச் சுவருக்குப் பாரம் குறைவு. குறைந்த பாரமாக இருந்தால்தான் நீர்விளிம்பின் நொய்ந்த தரை தாங்கும். அதனால்தான் முகப்பின் நடுவே அத்தனை ஜன்னல்களைத் தாராளமாகத் திறந்துவிட முடிந்தது. நாம் அழகுக்காக வைத்தது என்று ரசிக்கும் அந்தக் கல் சாளர வரிசை, எடையைக் குறைக்கும் பொறியியலும்கூட. முகப்பு முன்னால் சாய்ந்துவிடாமல் இருக்க மாடி உத்திரங்களோடு இரும்புப் பட்டைகளால் அதைக் கட்டியிருப்பார்கள். வெளிச்சுவரில் ஆங்காங்கே தெரியும் இரும்பு முனைகள் அவற்றுடையவை.

தரையைப் பாருங்கள். பளபளவென்று, வண்ண வண்ணக் கற்சில்லுகள் பதிந்த 'தெராட்சோ' தளம். நம்மூர் மொசைக் தரைக்கு மூதாதை. சுண்ணாம்போடு உடைத்த செங்கல்லையும் ஓட்டுத்தூளையும் கலந்து, அதன்மேல் பளிங்குச் சில்லுகளைப் பரப்பி, கனத்த உருளையால் அழுத்தி, தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி மெருகேற்றுவார்கள். கட்டடம் ஒரு பக்கம் சற்று அமிழ்ந்தால் விறைப்பான தளம் பாளம் பாளமாக வெடிக்கும். சுண்ணாம்புத் தளம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். விரிசல் விட்டாலும் அதே கலவையால் நிரப்பித் தேய்த்துவிடலாம். இந்த மாளிகைகளில் தரை லேசாகச் சரிந்திருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். சரிந்து, சமாளித்து, நின்றுவிட்ட கட்டடம் அது.

பிரதான மாடியில் கூரை உயரம் அதிகம், ஜன்னல்கள் பெரியவை. வெயில் சாயும் நேரத்தில் கால்வாய் நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி கூரையில் நெளிந்து ஆடும். 1822இல் ஜுசெப்பே தால் நியெல் என்பவர் தாண்டோலோ குடும்ப மாளிகையில் ஒரு தளத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து விருந்தினரைத் தங்கவைக்கத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து புகழ்பெற்ற ஹோட்டல் தானியேலி ஆனது. உச்சிமாடி அறைகளின் கூரை தாழ்வாக இருக்கும். ஆனால் சில மாளிகைகளில் கூரைமேல் 'அல்தானா' எனும் மரமேடை உண்டு. அங்கிருந்து பார்த்தால் ஓட்டுக்கூரைகளுக்கு அப்பால் காயல் தெரியும். ஒரே ஹோட்டலில் இரண்டு அறைகள் ஒன்றுபோல இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் ஒரு சுவரை நகர்த்தவும் மரபுச்சின்னத் துறையின் அனுமதி வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் பாப்பாதோபோலி மாளிகையில் இயங்கும் அமான் ஹோட்டலில் மொத்தமே 24 அறைகள். ஓவியர் தியேபோலோவின் ஓவியங்கள் அங்கே கூரையிலேயே இருக்கின்றன. ஆகவே ஹோட்டலைத் தேர்ந்தால் போதாது, அறையையும் தேர வேண்டும்.

கால்வாய்ப் பக்கத்து அறைக்கு இன்னொரு குணம் உண்டு. இரவில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருந்தால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழேயே திரும்புகிறது. நீர்ப்பரப்பும் அதைப் பிரதிபலிக்கிறது. தொலைவில் பேசுபவரின் குரல் அருகில் கேட்கும். காருக்கும் லாரிக்கும் இடமில்லாத நகரம் இது. காய்கறி, படுக்கை விரிப்பு, குப்பை எல்லாம் படகில்தான், அதுவும் விடிகாலையிலேயே. நன்றாகத் தூங்க வேண்டும் என்றால் உள்முற்றத்தைப் பார்த்த அறையே மேல். அந்த முற்றத்தின் நடுவில் செதுக்கிய கல்விளிம்போடு ஒரு கிணறு இருக்கலாம். அது ஊற்றுக் கிணறு அல்ல. முற்றத்தைத் தோண்டி, களிமண் பூசி, மணல் நிரப்பி, மழைநீரை மணல்வழியே வடிய விட்டு நடுக்கிணற்றில் சேர்த்தார்கள். முற்றம் முழுவதும் ஒரு வடிகட்டி. 1884இல் குழாய்நீர் வரும்வரை கடல் சூழ்ந்த அந்த நகரம் பெரும்பாலும் இப்படித்தான் தாகம் தணித்தது.

மிச்சமிருப்பது வெள்ளம். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும், உயர் ஓதம் வரும் நேரத்தில் தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ காற்று வீசினால், நீளமான ஆட்ரியாட்டிக் கடலின் நீர் வடமுனையில் குவிகிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு செ.மீ. உயரும். எல்லாம் ஒன்றுகூடிய 2019 நவம்பர் 12இல் நீர், முன்பு சொன்ன 1897ஆம் ஆண்டு மட்டத்துக்கு மேல் 187 செ.மீ. வரை ஏறியது. புனித மார்க் சதுக்கத்தின் தாழ்ந்த பகுதிகளில் 80 செ.மீ. அளவிலேயே நீர் தேங்கிவிடும். அன்று அங்கே இடுப்பளவு தண்ணீர்.

2020 அக்டோபர் 3இல் வெள்ளத்தைத் தடுக்க முதன்முறையாக 'மோசே' தடுப்புகள் இயங்கின. காயல் கடலோடு சேரும் மூன்று வாய்களிலும் மொத்தம் 78 இரும்புக் கதவுகள் நீர் நிறைந்தபடி கடல்தரையில் படுத்திருக்கின்றன. அழுத்தக் காற்றை உள்ளே செலுத்தினால் நீர் வெளியேறும். கதவு லேசாகித் தானே எழும். புயல் தணிந்ததும் மீண்டும் நீரை நிரப்பினால் படுத்துவிடும். நீர்மட்டம் 110 செ.மீ. அளவை எட்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் கதவுகள் எழுகின்றன. அதற்குக் குறைவான நாட்களில் தாழ்ந்த தெருக்களில் இன்னும் நீர் வரும்.

எனவே நவம்பரில் போவதானால் புனித மார்க் சதுக்கத்தை ஒட்டிய தரைத்தள அறை வேண்டாம். பிரதான மாடியிலோ அதற்கு மேலேயோ கேளுங்கள். படகு நிறுத்தத்திலிருந்து ஹோட்டலுக்கு எத்தனை பாலம் ஏறி இறங்க வேண்டும் என்றும் கேளுங்கள். பெரும்பாலானவற்றில் படிகள் உண்டு, பெட்டியைத் தூக்கப் போவது நீங்கள்தான். போய்ச் சேர்ந்த மறுநாள், நீர் வற்றியிருக்கும் வேளையில், படகிலிருந்து உங்கள் ஹோட்டலின் அடிப்பகுதியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.