மூன்று படலங்கள்

கருவுற்ற கோழிமுட்டையை உடைத்துப் பார்ப்பின், மஞ்சட் கருவின்மேல் வெண்ணிறப் புள்ளியொன்று காணப்படும். அலகும் இறகும் காலும் கண்ணும் அதில் இல்லை. ஆயினும், 21 நாள் அடைகாத்தபின் அப்புள்ளியே குஞ்சாகி ஓட்டை உடைத்து வெளிவருகின்றது. இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்கின்றது?

முற்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர், மிக நுண்ணிய குஞ்சொன்று முழு வடிவுடன் முன்னரே அடங்கியுள்ளது என்றும், அது பருத்தலே வளர்ச்சி என்றும் கருதினர். 1759ஆம் ஆண்டில் காஸ்பர் உல்ஃப் என்பார் இக்கொள்கையை மறுத்து, உறுப்புகள் படிப்படியாகவே உருவாகின்றன என்றார். ரீகா நகரிற் பிறந்த கிறிஸ்டியன் பாண்டர், ஜெர்மனியிலுள்ள வூர்ட்ஸ்பர்க் நகரில் அடைமுட்டைகள் பலவற்றைத் திறந்து ஆராய்ந்து, கருவில் மூன்று படலங்கள் இருத்தலை 1817ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதுகெலும்புள்ள பிறவுயிர்களிடத்தும் அவ்வமைப்பு உண்டென்பதை அவர் நண்பர் கார்ல் பேயர் 1828ஆம் ஆண்டு முதல் விளக்கினார். மனிதக் கருவும் இதற்கு விலக்கன்று.

வெண்புள்ளியிலுள்ள உயிரணுக்கள் பெருகித் தகடுபோற் பரவுகின்றன. பின்னர் அவற்றுட் பல, நடுவே தோன்றும் கோடொன்றன் வழியாக உள்ளிறங்குகின்றன. அடியிற் சென்று படிந்தவை அகப்படலம். இடையில் நின்றவை நடுப்படலம். மேலே தங்கியவை புறப்படலம்.

அகப்படலம் குடலின் உட்பூச்சு, கல்லீரல், கணையம் முதலியவற்றைத் தருகின்றது. நடுப்படலத்தினின்று இதயம், குருதி, எலும்பு, தசை, சிறுநீரகம் ஆகியவை தோன்றுகின்றன. புறப்படலம் மேல்தோலும் இறகும் ஆகின்றது. அதுமட்டுமன்று, அதன் ஒரு பகுதி வாய்க்கால்போற் குழிந்து, இரு கரையும் எழுந்து கூடிக் குழாயாகின்றது. மூளையும் தண்டுவடமும் அக்குழாயிலிருந்தே உண்டாகின்றன. புறத்தே காக்கும் தோலும் அகத்தே எண்ணும் மூளையும் ஒரு படலத்தின் மக்களே.

எப்படலமும் தனித்து நின்று தன் பணியை முடிப்பதில்லை என்பதைப் பாண்டரே உணர்ந்திருந்தார். ஹான்ஸ் ஸ்பெமான், அவர்தம் மாணவி ஹில்டே மாங்கோல்ட் ஆகியோர் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை நாட்டியது. நியூட் என்பது நீரிலும் நிலத்திலும் வாழும் வாலுள்ள சிற்றுயிர். அதன் இளங்கருவில் உயிரணுக்கள் உள்ளிறங்கும் வாயிலின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, வேறொரு கருவின் வயிற்றுப்புறத்தில் அவர்கள் பொருத்தினர். வயிற்றுத் தோலாக வேண்டிய உயிரணுக்கள், அத்துண்டின் ஏவலால் நரம்புக் குழாயாயின. ஒரு கருவின்மேல் இரண்டாம் கருவுருவம் எழுந்தது!

ஸ்பெமான் 1935ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். மாங்கோல்டோ 1924ஆம் ஆண்டிலேயே, தம் 25ஆம் வயதில், தீ விபத்தில் உயிர் துறந்தார். ஓர் உயிரணு யாதாகும் என்பதை அதன் பிறப்பு மட்டுமன்றி, அது சேர்ந்த இடமும் உறுதிசெய்கின்றது என்பதே அவர்தம் கைத்திறத்தால் உலகம் பெற்ற உண்மையாகும்.