மிதியும் பாய்ச்சலும்: சொகுசுக் கார்களின் இயக்கம் பற்றிய ஒரு குறிப்பு

காரின் வேகமிதியை அழுத்துவதற்கும் கார் பாய்வதற்கும் இடையே கழியும் கணப்பொழுது, ஓட்டுபவரின் தனிப்பட்ட இரசனை சார்ந்த விடயமாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றது. அவ்விரசனைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதே நமது கருத்து. ஒரே காரில் இருவேறு பொறியமைப்புகள் இடம்பெற்ற உதாரணம் ஒன்றைக் கொண்டு இதனை நோக்குவோம். யப்பானின் டொயோட்டா நிறுவனம் 2017இல் அறிமுகஞ்செய்த லெக்சஸ் எல்.எஸ். 500, இரட்டை டர்போ பூட்டிய ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டது. அதன் உடன்பிறப்பான 500எச், டர்போ அற்ற எஞ்சினோடு மின்மோட்டார்களை இணைத்த ஹைபிரிட்.

டர்போ என்பது எஞ்சினின் கழிவுப் புகையாற் சுழன்று, எஞ்சினுள்ளே காற்றை அழுத்திச் செலுத்துவது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905இல் காப்புரிமை பதிந்த தத்துவம் இது. மிதியை அழுத்தியதும் முதலிற் புகை பெருக வேண்டும். சுழலி வேகமெடுக்க வேண்டும். பின்னரே காற்றழுத்தம் உயரும். ஆதலின் தாமதம் அதன் அமைப்பிலேயே உள்ளது. பிற்காலத் திருத்தங்கள் அதனைக் குறைத்துள்ளனவேயன்றி ஒழித்துவிடவில்லை. மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே தன் முழு முறுக்குவிசையையும் தரவல்லது. நகர நெரிசலில் ஹைபிரிட்டே மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் ஹைபிரிட்டில் வேறொரு முரண்பாடு தோன்றியது. டொயோட்டாவின் முந்தைய ஹைபிரிட்டுகளில் எஞ்சினின் சுழற்சி, சக்கரத்தின் வேகத்தோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. மிதியைப் பலமாக அழுத்தினால் இரைச்சல் முந்தி எழும். வேகம் பின்னால் வரும். 500எச்இல் இதனைத் தீர்க்க நான்கு படிக் கியர்ப்பெட்டி ஒன்றைச் சேர்த்தனர். அத்தோடு அமையாது, பத்துப் படிகள் உள்ளனபோன்ற தோற்றத்தையும் கணினியால் உண்டாக்கினர். நான்கு படிகள் பொறியின் தேவை. பத்து என்பது பழகிய காதின் தேவை. 'இயற்கையானது' எனப் போற்றப்படும் ஓட்ட உணர்வு, ஒரு காலத்துப் பொறியமைப்பு மனித உடலிற் பதித்துச்சென்ற பழக்கமே என்பதற்கு இது நல்ல சான்று.

இத்தகைய கார்களைப் பலவேளைகளில் உடைமையாளர் ஓட்டுவதில்லை. சம்பளம் பெறும் சாரதியே ஓட்டுகின்றார். பின்னிருக்கையில் இருப்பவர் உலுக்கலை உணராவண்ணம் மிதியை அளந்து அழுத்துவது அவரது தொழிற்றிறன். செவ்வையாகச் செய்யுந்தோறும் கண்ணுக்குப் புலப்படாத உழைப்பு. இன்று அம்மிதி கணினிக்கு விடப்படும் வேண்டுகோள் மட்டுமே. டர்போவின் தாமதம், மோட்டாரின் திடீர்ப் பாய்ச்சல், மின்தடுப்பிலிருந்து உராய்வுத்தடுப்புக்கு மாறும் கணம் ஆகிய யாவற்றையும் கணினி சமன்செய்கின்றது. கருவியோடு தொழிலாளியின் திறனும் பொறிக்குக் கைமாறுகின்றது என மூலதனத்தின் முதற்பாகத்தில் மார்க்ஸ் கூறியது ஆலைக்கு மட்டும் உரியதன்று. விளம்பரமோ அத்திறனை, 'ஓட்டும் இன்பம்' என்ற பெயரில், காரை வாங்குபவரின் சொந்த ஆளுமையாகவே அவருக்கு விற்கின்றது.