மக்கள் காத்த அங்காடி

அமெரிக்க நாட்டின் வடமேற்குப் பகுதியில் கடலோரமாக அமைந்த பெருநகரம் சியாட்டில். அந்நகரில், கடலை நோக்கிய மேட்டின்மீது பைக் பிளேஸ் என்னும் அங்காடி உள்ளது. அதன் வாயிலில் வெண்கலப் பன்றி ஒன்று நிற்கின்றது. மன்னர்க்கும் மறவர்க்கும் சிலை எடுக்கும் உலகில் பன்றிக்குச் சிலை எதற்கு என்று நாம் வியத்தல் இயல்பே. அதன் பொருளை உணர அங்காடியின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

1907ஆம் ஆண்டில் அந்நகரில் வெங்காயத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அவ்வுயர்வால் உழவர் பயன் பெற்றிலர். இடைநின்ற தரகரே ஊதியம் கொண்டனர். உழவரும் நுகர்வோரும் நேரிற் கூடுதற்கு ஓரிடம் வேண்டும் என்று நகரமன்ற உறுப்பினர் தாமஸ் ரெவெல் எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அங்காடி தொடங்கிற்று. அன்று வந்தவை சில வண்டிகளே. மக்களோ வெள்ளமெனத் திரண்டனர். நண்பகற்கு முன்பே பொருள்கள் யாவும் விற்றுத் தீர்ந்தன.

இவ்வாறு வளர்ந்த அங்காடிக்கு இடர்களும் நேர்ந்தன. 1942இல், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய மரபினரான உழவர்களை அரசு காவல் முகாம்களுக்கு அனுப்பியது. அவர்கள் இருந்து விற்ற இடங்கள் வெறுமையாயின. பின்னர், 1960களில், பழைய கட்டடங்களை இடித்து, அவ்விடத்தில் மாட மாளிகைகளும் வண்டி நிறுத்தும் இடங்களும் அமைக்கத் திட்டம் எழுந்தது.

கட்டடக்கலைப் பேராசிரியர் விக்டர் ஸ்டைன்புரூக் இதனை எதிர்த்தார். அங்காடியின் காட்சிகளைத் தம் கையால் ஓவியமாகத் தீட்டி மக்களுக்குக் காட்டினார். தம்மொடு ஒத்த கருத்தினரைக் கூட்டி, ஊர் மக்களின் ஆதரவைத் திரட்டினார். 1971 நவம்பர் 2ஆம் நாள் மக்கள் வாக்களித்தனர். அங்காடியைக் காக்க வேண்டும் என்பதே அவர்தம் தீர்ப்பாயிற்று. ஏழு ஏக்கர் நிலப்பரப்பு வரலாற்றுச் சிறப்புடைய பகுதியாகக் காக்கப்பெற்றது. பழைய கட்டடங்கள் செப்பனிடப்பட்டன. குறைந்த வருவாயினர்க்கு அங்கேயே வீடுகளும் அமைந்தன.

வெண்கலப் பன்றி 1986இல் நிறுவப்பெற்றது. அதனைச் செய்தவர் ஜார்ஜியா கெர்பர் என்னும் சிற்பி. ஏறத்தாழ 250 கிலோ எடையுள்ள அவ்வுருவம் ஓர் உண்டியலும் ஆகும். சிறுவர் அதன்மீது ஏறி மகிழ்வர். வருவோர் காசு இடுவர். அக்காசு அங்காடியைச் சார்ந்த ஏழையர், முதியோர், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்குச் செலவாகின்றது.

கண்ணுக்கு அழகு தருவதோடு எளியோர்க்கு உதவியும் புரிகின்றது அச்சிலை. அவ்வாறே, பண்டம் விற்கும் இடமாக இருப்பதோடு மக்களை ஒன்றுசேர்க்கும் இடமாகவும் விளங்குகின்றது அவ்வங்காடி. நகரை அமைப்போர் வரைபடத்தை மட்டும் நோக்குதல் போதாது. அங்கு வாழ்வோரின் உள்ளத்தையும் அறிதல் வேண்டும். தம் ஊரின் பொதுச்செல்வத்தைக் காக்கும் கடமை மக்களுக்கும் உண்டு என்பதைச் சியாட்டில் நகர மக்கள் செயலாற் காட்டினர்.