காட்டுத் தீயும் கூரை வீடும்: ஜவ்வாது மலையில் இல்லாத ஒரு விதி

தை கழிந்ததும் ஜவ்வாது மலைக் காடு இலையை உதிர்க்கத் தொடங்கிவிடும். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லும் மூங்கில் சருகும் தரையை மூடிக் கிடக்க, இடையிடையே உண்ணிச்செடிப் புதர்கள் விறகாய் நிற்கும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்திருக்கும் இந்த மலையில் தீ தானாகப் பிறப்பது அரிது. அணையாத பீடித் துண்டு, சாலையோரம் சமைத்துவிட்டுப் போன சுற்றுலாக்காரர்களின் அடுப்பு, புதுப் புல் முளைக்கட்டும் என்று வைக்கும் நெருப்பு என்று பெரும்பாலும் மனிதர் கையால்தான் அது வருகிறது. அதனால் சட்டமும் அந்தக் கையைத்தான் தேடுகிறது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குத் தீ வைப்பது குற்றம். காட்டுக்கு ஆபத்து வரும்படி நெருப்பு மூட்டுவதும் குற்றம். பிறர் உயிருக்கு ஆபத்தாகும் வகையில் நெருப்பை அலட்சியமாகக் கையாண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. எல்லாமே தீயை வைத்தது யார் என்று கேட்கும் சட்டங்கள். தீ வந்து சேரும்போது காட்டோர வீடு எந்த நிலையில் இருந்தது என்று கேட்கும் சட்டம் நம்மிடம் இல்லை.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட தீயில் மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். அதையடுத்து அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. காட்டுக்குள் விருந்தாளியாகப் போகிறவருக்கு விதி கிடைத்தது. காட்டின் விளிம்பிலேயே குடியிருப்பவருக்குக் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் தீ அபாயப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் வீடு வைத்திருப்பவர், தன் எல்லைக்குள் வீட்டைச் சுற்றி 100 அடி வரை காய்ந்த செடிகொடிகளைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆஸ்திரேலியாவில் 2009 பிப்ரவரியில் ஒரே நாளில் பரவிய புதர்த்தீ 173 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, அபாயப் பகுதிகளில் கட்டும் வீடுகளுக்கான தரம் கடுமையாக்கப்பட்டது. அவற்றை அப்படியே பெயர்த்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் நட முடியாது. அந்த நாடுகளில் காப்பீட்டு நிறுவனமும் ஆய்வாளரும் அபராத நோட்டீசும் சேர்ந்துதான் அந்த விதி ஓடுகிறது. ஆனால் விதிக்குப் பின்னால் இருக்கும் அறிவு ஜவ்வாது மலைக்கும் பொருந்தும் என்பதே இங்கே சொல்ல வருவது. விதியை அரசு செய்து தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; ஊரே செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் பல ஆண்டுகள் எரிந்த வீடுகளையும் எரியாமல் தப்பிய வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னது எளிய உண்மை. காட்டின் பெருந்தீச் சுவர் வந்து வீட்டை விழுங்குவதைவிட, காற்றில் பறந்து வரும் தீப்பொறியும், சருகு வழியே ஊர்ந்து வரும் சின்னத் தீயும்தான் பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துகின்றன. வீடு பற்றுமா பற்றாதா என்பதை முடிவு செய்வது வீடும் அதைச் சுற்றியுள்ள சுமார் முப்பது மீட்டரும். இதை மலையாளிப் பழங்குடியினரின் ஒரு குடியிருப்பில் வைத்துப் பாருங்கள். மண் சுவர் எரியாது. அதன்மேல் இறங்கி நிற்கும் புல் கூரை எரியும். இறவாணத்தில் ஒரு பொறி செருகிக்கொண்டால் உள்ளுக்குள்ளேயே கனன்று, புகை தெரியும் முன்பே பிடித்துவிடும். சுவரை ஒட்டி விறகுக் கட்டு, நாலடி தள்ளி சாமைத் தாள் போர், அதற்கடுத்து ஆட்டுப்பட்டி, பட்டி வேலியில் காய்ந்த முள். காட்டிலிருந்து வீட்டுக்குத் தீ நடந்து வர நாமே போட்டு வைத்த பாதை அது. ஓட்டு வீட்டுக்காரரும் நிம்மதியாக இருக்க முடியாது. ஓட்டு இடுக்கில் சேரும் சருகும், அடியில் உளுத்த மரச்சட்டமும் போதும். தளம் போட்ட வீட்டிலும் சன்னல் ஓரம் வைத்த தாள் மூட்டையும் வாசலில் கட்டிய தென்னங்கீற்றுப் பந்தலும் அதே வேலையைச் செய்யும்.

ஆகவே முதல் வேலைக்குப் பணம் வேண்டாம், விளக்குமாறும் மண்வெட்டியும் போதும். சுவரிலிருந்து ஐந்தடிக்கு வெறும் மண் தெரிய வேண்டும். விறகும் தாளும் அந்த எல்லைக்குள் வரக் கூடாது. போரைச் சரிவின் மேல்பக்கம் தள்ளிப் போடுவது நல்லது, ஏனென்றால் தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். வீட்டுக்குக் கீழே போர் இருந்தால் அது பற்றும்போது சுவாலை நேராக வீட்டுக்குத்தான் வரும். கூரை வீட்டில் கோடை முழுக்க ஒரு தொட்டி நீரும் ஈரச் சாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கூட்டிய சருகை அங்கேயே கொளுத்தும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். குழியில் போட்டு மண் தள்ளினால் உரமாகிவிடும். நிலத்து எல்லையில் காட்டைப் பார்த்த பக்கம் நாலைந்து அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி எடுத்தால், ஜவ்வாது மலையில் பெரும்பாலும் வருகிற தரைத்தீயை நிறுத்தவோ, குறைந்தது அதன் வேகத்தைக் குறைக்கவோ அது உதவும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் ஒன்று, தீயை அணைப்பது வனத்துறையின் வேலை, குடியானவன் தலையில் ஏன் ஏற்றுகிறீர்கள் என்பது. நியாயமான கேள்விதான். காப்புக்காட்டுக்குள் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் கோடைக்குக் காவலர் அமர்த்துவதும் துறையின் கடமை. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் தீயணைப்பு வண்டி கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வருவதற்குள் புல் கூரை முடிந்துவிடும் என்பதும் உண்மை. இன்னொரு மறுப்பு, சுத்தம் செய்தால் மரம் வெட்டினான் என்று வழக்கு வருமோ என்ற அச்சம். பட்டா நிலத்தில் சருகு கூட்டுவதும் புல் அறுப்பதும் மரம் வெட்டுவதாகாது. ஆனால் எல்லைக் கல்லைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் கை வைக்கும் முன் வனவரிடம் சொல்லி எழுத்தில் அனுமதி பெறுவதே பாதுகாப்பு. மூன்றாவதுதான் எனக்குக் கனமானதாகப் படுகிறது. தீயைப் பார்த்து முதலில் தகவல் சொன்னவனே முதல் சந்தேகத்துக்குரியவனாகி விடுவான் என்ற பயம். இந்தப் பயம் இருக்கும்வரை எந்த விழிப்புணர்வுப் பலகையும் பயன் தராது. தகவல் சொல்வதையும் குற்றவாளியைத் தேடுவதையும் துறை பிரித்துக் காட்ட வேண்டும். ஊர் சார்பில் இரண்டு பேரைத் தகவல் சொல்பவர்களாக எழுதிக் கொடுத்துவிட்டால் தனியாள்மேல் பழி விழாது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் கண்டறியும் தீ எச்சரிக்கையைப் பதிவு செய்துகொள்ளும் யாருடைய கைப்பேசிக்கும் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. அந்த இருவரின் எண்ணையும் அதில் சேர்க்கலாம்.

ஊரே விதி செய்துகொள்ள இடம் தருவது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதைப் பட்டா வாங்கும் சட்டமாக மட்டுமே பலர் பார்க்கிறார்கள். உயர்நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்து, 2016-இல் உச்சநீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வழி திறந்தது என்பதால் அப்படிப் பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் சமூகக் காட்டு வளத்தைக் காக்கும் உரிமையையும், காட்டைக் கெடுக்கும் செயலைத் தடுக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் கிராம சபைக்குத் தருகிறது. இது ஊராட்சி முழுமைக்குமான கூட்டமல்ல, அந்த ஊர்க்காரர்கள் மட்டும் கூடும் சபை. அதில் போருக்கும் வீட்டுக்கும் இத்தனை அடி, மாசி முதல் வைகாசி வரை திறந்தவெளியில் நெருப்பு இல்லை, தங்கும் விடுதிகளில் விறகு மூட்டிக் குளிர்காயும் கேளிக்கை கூடாது என்று தீர்மானம் போடலாம். நீர்த்தொட்டி, குடிநீர்க் குழாய், சாலை போன்றவற்றுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையின் பேரில் கேட்கவும் அந்தச் சட்டத்தின் 3(2) பிரிவு இடம் தருகிறது. தீக்காலம் தொடங்கும் முன் வருகிற ஊராட்சிக் கூட்டம் ஜனவரி 26-இல். அந்தத் தீர்மானத்தை அங்கும் பதிவு செய்துவிட்டால் அதிகாரிகளிடம் கேட்க ஒரு காகிதம் கையில் இருக்கும்.

எரிந்தபின் என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தீ, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் பட்டியலில் உள்ள பேரிடர். 2022-26 காலத்து விதிமுறைப்படி குடிசை எரிந்தால் 8,000 ரூபாய், மலைப்பகுதியில் முழுதும் அழிந்த வீட்டுக்கு 1.30 லட்சம், உயிரிழப்புக்கு 4 லட்சம், கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. குடிசைக்கும் வீட்டுக்கும் இடையிலான இந்தப் பள்ளம் கொடுமையானது. வீடு எந்த வகையில் எழுதப்படுகிறது என்பதை ஆய்வின்போதே கவனிக்க வேண்டும். 101 அல்லது 112-க்கு அழைத்த பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கும் சொல்லி, எதையும் அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்து, தீயணைப்புத் துறையின் அறிக்கையையும் வாங்கி வைத்தால்தான் வட்டாட்சியரிடம் மனு நிற்கும். தளம் போட்ட வீட்டுக்காரர்களுக்கு 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி இருக்கிறது. காட்டுத் தீ அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளது. கூரை வீட்டுக்குத் தருவார்களா, எந்தப் பிரீமியத்துக்கு என்பதைப் பணம் கட்டும் முன்பே முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.