பழைய மோட்டார் வண்டிகளிற் பிற்கால ஒட்டுக்கள்

ஐக்கிய அமெரிக்க நாட்டில் 1960ஆம் ஆண்டுகளிலே, நடுத்தர அளவினதாகிய மோட்டார் வண்டியிற் பெருவண்டிக்குரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் வாங்கக்கூடிய விலைக்கு விற்கும் வழக்கம் தோன்றிற்று. 1964இல் வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. இவ்வகைக்கு முன்னோடி எனப் பலருங் கூறுவர். பின்னர் ‘மசில் கார்’ எனப் பெயர்பெற்ற இவ்வண்டிகளுள் 1968 முதல் 1970 வரையுள்ள டொட்ஜ் சார்ஜர் பெரும் புகழ் வாய்ந்தது. அதிற் பொருத்தப்பட்ட 426 கன அங்குல ஹெமி எஞ்சினுக்கு 425 குதிரைவலு எனக் கிறைஸ்லர் கம்பனி கணக்குக் காட்டியது. எஞ்சின் இத்துணை வலியதாயினும், அதனைச் சுமந்த உடலின் வெளித்தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்த் தடிப்பினதே.

வட மாநிலங்களிற் பனிக்காலத்தில் வீதிகளிலே தூவப்படும் உப்பு அத்தகட்டை விரைவில் அரித்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருளை மிகுதியாக உண்ணும் இவ்வண்டிகளை விரும்புவார் அருகினர். 1979 முதல் 1985 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் ஒன்றிற்காக நூற்றுக்கணக்கான சார்ஜர்கள் பாயவிட்டு நொறுக்கப்பட்டன என்பது, அவற்றின் அக்கால மதிப்புக்குப் போதிய சான்றாகும். அந்நிலையிலே துருப்பிடித்த இடத்துக்கு மலிவான ஒட்டே போதுமென்று உரிமையாளர் கருதியதிற் குற்றமில்லை. இன்று அவ்வண்டிகளுட் சில வீட்டின் விலைக்கு விற்கப்படுகின்றன. ஆகவே, அன்று வைக்கப்பட்ட மலிவான ஒட்டுக்களை என் செய்வது என்பதே புதுப்பிப்போர் முதலில் எதிர்ப்படும் வினாவாகியுள்ளது.

பிற்கால ஒட்டு எதுவென அறிவதற்குத் தொழிற்சாலை ஒட்டின் இயல்பை அறிதல் வேண்டும். கிறைஸ்லர் கம்பனி 1960 முதலாகத் தன் வண்டிகளுட் பெரும்பாலானவற்றைத் தனிச் சட்டமின்றி, உடலே சட்டமாக அமையும் முறையிற் கட்டிற்று. தகடுகளின் ஓரங்கள் ஒன்றன்மேலொன்று படிய, இரு செப்பு முனைகளுக்கிடையில் அவை நெருக்கப்பட்டுப் பெரு மின்னோட்டம் கணநேரஞ் செலுத்தப்படும். தகடுகள் தொடும் இடத்திலே தடை மிகுதியாதலின் அங்குமட்டும் உருக்கு உருகி இணையும். எலிகு தொம்சன் என்பார் 1880ஆம் ஆண்டுகளிற் கண்ட முறை இது. இதனால் உண்டாகும் புள்ளியொட்டு, சிறு நாணயம் அழுத்திய தழும்பு போலத் தட்டையாய் வட்டமாய்த் தோன்றும். அதிற் புடைப்பு இராது. கோடாக ஓடுவதும் இல்லை. கூரையும் பின்பக்கத் தகடும் கூடும் இணைப்பு மட்டும் வெளியே தெரியாதவாறு ஈயக் கலவையால் நிரப்பப்பட்டது. நூற்றுக்கு 30 பங்கு வெள்ளீயமும் 70 பங்கு ஈயமுங் கொண்ட கலவை 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி, ஏறத்தாழ 255 பாகையில் முற்றும் நீராகும். இடைப்பட்ட வெப்பநிலைகளில் அது களிபோல் நிற்குமாதலின் மரத்தகட்டினால் வேண்டிய வடிவுக்கு அதனைத் தடவலாம்.

பிற்கால ஒட்டுக்கள் பலவகைப்படும். தகரத் துண்டை ஆணியறைந்து மேலே பிசின் பூசியவை எளிதிற் கழற்றப்படும். அவற்றைப்பற்றி அதிகம் பேசவேண்டுவதில்லை. துருவின்மேலேயே புதுத்தகட்டைப் போர்த்திச் சுற்றிலும் உருக்கி ஒட்டியவை தீமை மிக்கன. இரு தகடுகளுக்குமிடையே ஈரந் தங்கி, பழைய துரு மறைவிலிருந்து புதுத்தகட்டையுந் தின்னும். எல்லாவற்றினுங் கொடியது, ஒட்சிசன்-அசற்றலீன் சுடரினாற் பித்தளைக் கம்பியை உருக்கி வார்த்த ஒட்டு. இம்முறை தன்னளவில் இழிந்ததன்று. துவிச்சக்கர வண்டிச் சட்டங்கள் பல இவ்வாறே இணைக்கப்பட்டன. ஆனால் அகன்ற மெல்லிய தகட்டில் அச்சுடர் பரந்த வெப்பத்தை ஊட்டித் தகட்டை நெளியச் செய்யும். மேலும், பித்தளை படிந்த இடத்திற் பின்னர் உருக்கை உருக்கி ஒட்ட முயன்றால், உருகிய செம்பு உருக்கின் மணியெல்லைகளுக்குள் ஊடுருவி வெடிப்பை உண்டாக்கும். நாகமோ ஆவியாகி ஒட்டிலே துளைகளை விடும். ஆதலின் பித்தளை தொட்ட தகட்டைத் துப்புரவாக வெட்டியகற்றுதலே வழி. தேய்த்துவிட்டு மேலே ஒட்டுவோர் அதே வேலையை மறுமுறையுஞ் செய்யவேண்டிவரும்.

மறைந்த ஒட்டைக் கண்டுபிடிக்கக் காந்தம் ஒன்று பெரிதும் உதவும். பூசுபசை தடித்த இடத்தில் அது பற்றாது. எனினும் ஈயம் நிரப்பிய இடத்திலும் அது பற்றாதென்பதை மறத்தலாகாது. சார்ஜரின் பின்கண்ணாடி இரு சாய்ந்த பக்கங்களுக்கிடையே உள்ளடங்கி அமைந்ததால், அதன் அடிவிளிம்பில் நீர் தேங்கும்; கூரைக்கு வினைல் உறை போர்த்த வண்டிகளில் இவ்விடத்துத் துரு இன்னும் மிகுதி. எனவே முதலிற் பார்க்கவேண்டிய இடம் இதுவே.

ஆனால் அவ்விடத்திற்றான் அறிஞருந் தடுமாறுவர். உள்ளடங்கிய அக்கண்ணாடி ஓட்டப் பந்தயங்களிற் காற்றைக் குழப்பியமையால், 1969இல் சார்ஜர் 500 என்ற வகையும், பின்னர் நீண்ட மூக்கும் உயர்ந்த சிறகுமுடைய டேற்றோனா வகையும் வெளியிடப்பட்டன. இவற்றிற் கண்ணாடிப் பள்ளத்தை மூடுந் தகடு தொழிற்சாலையில் அன்றி, டெற்றொயிற் பகுதியிலிருந்த கிரியேற்றிவ் இன்டஸ்ரீஸ் என்னும் நிறுவனத்திற் கையால் ஒட்டப்பட்டது. பெட்டியின் மூடியும் அதற்கேற்பக் குறுக்கப்பட்டது. ஆங்குள்ள ஒட்டுக்கள் பிற்காலப் பழுதுவேலை போலவே தோன்றும். அவற்றை அழகுபடுத்த முனைவோன், தான் காக்கவந்த பொருளையே அழித்தவனாவான். ஏறத்தாழ 500 அளவிற் செய்யப்பட்ட டேற்றோனாவில் இப்பிழை திருத்தமுடியாத இழப்பாகும்.

அழகைப்பற்றிய வினா ஒருபுறமிருக்க, உயிரைப்பற்றிய வினாவும் உண்டு. சார்ஜரின் முன்சில்லுகளைத் தாங்குவன சுருள்வில்கள் அல்ல. நீளப்பாட்டில் அமைந்து முறுகும் உருக்குத் தண்டுகளாம். அவற்றின் பின்முனைகள் தரைக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டமொன்றிலே பதிந்துள்ளன. அச்சட்டந் துருப்பிடித்து, மேலே ஓர் ஒட்டுத்தகடு போர்த்தப்பட்டிருந்தால், வண்டியின் முன்பாரம் அவ்வொட்டிலே தொங்குகின்றது. கதவுகளுக்குக் கீழுள்ள படிச்சட்டங்களும் இத்தகையனவே. இவ்விடங்களில் ஐயத்துக்குரிய ஒட்டை விட்டுவைத்தல் எவ்விதத்தும் பொருந்தாது. வெட்டுமுன் கதவு வாயிலிற் குறுக்குக் கம்பிகளை ஒட்டி, உடலை அதன் பாரந் தாங்குமிடங்களில் நிறுத்தி, மூலைக்கு மூலை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாது படிச்சட்டத்தை வெட்டினால் உடல் நடுவிலே தொய்ந்து, புதுச்சட்டம் அத்தொய்விலேயே நிலைத்துவிடும். பின்பு கதவு ஒருபோதுஞ் சரியாக மூடாது.

பழைய புள்ளியொட்டுக்களைப் பிரிப்பதற்கு, மேற்றகட்டைமட்டும் வட்டமாக வெட்டும் துளைகருவி பயன்படும். கெட்ட பகுதி நீங்கியபின், அதே தடிப்புள்ள புதுத்துண்டை விளிம்போடு விளிம்பு சேர வெட்டி அமைத்தல் வேண்டும், ஒன்றன்மேலொன்று போர்த்தலாகாது. இனி, வெப்பமே பகை. 100 மில்லிமீற்றர் நீளமான உருக்குத் துண்டின் வெப்பநிலையை 500 பாகை உயர்த்தினால் அது ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் நீளும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அந்நீட்சிக்கு இடங்கொடாமையால் சூடேறிய பகுதி நசுங்கித் தடிக்கும். ஆறும்போது முன்னிருந்ததினுங் குறுகிச் சுற்றுப்புறத்தை இழுக்கும். தகடு நெளிவது சூட்டினால் என்பர். உண்மையில் நிலைத்த நெளிவைத் தருவது பின்வருஞ் சுருக்கமே. ஆகவே, ஆகனும் காபனீரொட்சைட்டுங் கலந்த வாயுவின் காப்பிலே மெல்லிய கம்பியால் ஒரு புள்ளி இங்கும் ஒரு புள்ளி அங்குமாக வைத்து, கை பொறுக்குமளவு ஆறவிட்டு, இடைவெளிகளை மெல்ல நிரப்புவர். சுருங்கிய ஒட்டைச் சுத்தியலுக்கும் அடியிற் பிடித்த இரும்புக் கட்டைக்கும் இடையே தட்டி விரித்தால் தகடு பழைய வடிவை அடையும். கம்பி ஊட்டும் முறையில் விளையும் ஒட்டு வன்மையுடையது. ஆதலின் தட்டி விரிப்பதில் வல்லோர் தங்குதன் முனைகொண்ட முறையையோ பழைய வாயுச்சுடரையோ விரும்புவர். பழுதைச் செய்த சுடரே தேர்ந்த கையிற் பழுதைத் தீர்ப்பது விந்தையன்று.

விளிம்புகள் படியும் இணைப்புக்களில், மேற்றகட்டில் 8 மில்லிமீற்றர் அளவு துளையிட்டு, அதனூடே அடித்தகட்டோடு உருக்கி நிரப்பலாம். இடையிற் பூசப்படும் நாகம் செறிந்த பூச்சு துருவைத் தடுப்பினும் அதன் புகை காய்ச்சலைத் தரும். பழைய ஈயத்தைத் தேய்க்கும் தூசியோ அதனினுங் கேடானது. முகக்காப்பும் காற்றோட்டமும் இல்லாமல் இவ்வேலைகளைத் தொடங்கலாகாது. முடிந்தபின் உட்குழிவுகளில் மெழுகு விசிறப்படும்.

நிரப்பிய துளையைச் சமமாகத் தேய்த்து, அதிலே புள்ளியொட்டின் தழும்பைப் போலியாகப் பதிக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. கண்ணுக்கு அது தொழிற்சாலை வேலையே. தனக்கென வைத்திருப்போன் இவ்வாறு செய்தலை யாரும் மறுக்கார். ஆனால் விற்கும் வேளையில், எத்தகடு மாற்றப்பட்டது என்பதைப் படங்களோடு கூறாதவன் வாங்குவோனை ஏமாற்றுகின்றான். இலக்கம் பொறித்த தகட்டை ஒரு வண்டியிலிருந்து வெட்டி மற்றொன்றில் ஒட்டுதலோ பல மாநிலங்களிற் சட்டப்படி குற்றமாகும். பந்தயத்தில் மோதி, ஓடிய காலத்திலேயே திருத்தப்பட்ட வண்டிகளின் நிலை வேறு. அங்கே கரடான ஒட்டும் வரலாற்றின் ஒரு பகுதியாதலால், வலிமைக்குக் குறைவில்லாதவிடத்து அதனை உள்ளபடியே விட்டு, துருத் தடுக்கும் பூச்சுமட்டும் இடுவோர் இப்பொழுது பெருகிவருகின்றனர்.