கசாப்புக் கடைக் கழிவு மனிதருக்குக் காதாகிறது!

கொல்கத்தா: முறிந்த எலும்பு கூடும், சிதைந்த குருத்தெலும்பு எளிதில் கூடாது. அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. மனிதக் கொழுப்பிலுள்ள மூல உயிரணுக்களை வளர்ச்சி ஊக்கிகளால் குருத்தெலும்பாக மாற்றலாம் என 2001-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினர்.

பெல்காச்சியாவில் கண்டது வேறு வழி. வீணாகும் ஆட்டுக் காதின் குருத்தெலும்பிலிருந்து ஆட்டின் உயிரணுக்களை நீக்கிச் சட்டத்தை மட்டும் எடுத்தனர் மேற்கு வங்க கால்நடைப் பல்கலைக்கழகத்தார். அதை ஆர்.ஜி. கர் மருத்துவமனை டாக்டர்கள் காது, மூக்குக் குறையுள்ள சுமார் 25 பேருக்குப் பொருத்தியதாக 2022-ல் செய்தி வெளியானது.

மூட்டுவலிக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். இது முழங்காலுக்கான சிகிச்சை அல்ல. யாராவது "கொழுப்பு ஸ்டெம் செல் ஊசி" என்று பணம் கேட்டால், அரசு அனுமதி பெற்றதா, ஆராய்ச்சியா என்று கேளுங்கள். ஆராய்ச்சியானால் நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை.