வானில் வழி தவறிய குடும்பம்



ராபின்சன் குடும்பத்தைப் பற்றி இன்று பேசுவோம். அது உண்மைக் குடும்பமன்று. 1965 செப்டம்பர் முதல் 1968 மார்ச் வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 83 பகுதிகளாக வந்த 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' என்னும் கற்பனைத் தொடரில் வாழ்ந்த குடும்பம். தயாரித்தவர் இர்வின் ஆலன்.

கதை 1997இல் நடப்பதாக எழுதப்பட்டது. பூமியில் மக்கள் பெருகி இடம் போதவில்லை. ஆகவே ஜான் ராபின்சன், மனைவி மாரீன், பிள்ளைகள் ஜூடி, பென்னி, வில், இவர்களோடு டான் வெஸ்ட் என்னும் விமானி, ஆக அறுவர் 'ஜூபிட்டர் 2' என்ற கலத்தில் ஆல்பா சென்டாரி விண்மீனை நோக்கிப் புறப்படுகிறார்கள். ஐந்தரை ஆண்டுப் பயணம். அதுவரை உறைந்த தூக்கம். கலத்தைக் கெடுக்க உள்ளே நுழைந்த டாக்டர் ஸ்மித், வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்கிறார். கணக்கில் சேராத அவருடைய எடையால் கலம் பாதை விலகிவிடுகிறது.

ஓர் ஆளின் எடை அவ்வளவு செய்யுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். லாரியில் ஒரு மூட்டை கூடினால் டிரைவர் எண்ணெயைச் சற்றுக் கூடுதலாக மிதித்துச் சமாளித்துவிடுவார். ராக்கெட்டுக்கு அப்படியில்லை. இத்தனை எடைக்கு இத்தனை எரிபொருள், இத்தனை வினாடி என்று முன்பே கணக்கிட்டு வைக்கிறார்கள். எடை கூடினால் வேகம் குறையும், பாதை மாறும். பூமியிலிருந்து சந்திரனுக்குச் சுமார் 3,84,000 கிலோமீட்டர். நேர்கோட்டில் செல்வதாக வைத்துக்கொண்டால், புறப்படும்போது ஒரே ஒரு பாகை விலகினாலும் சந்திரனை அடையும் தொலைவில் 6,700 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடுவோம். சந்திரனின் குறுக்களவே 3,474 கிலோமீட்டர்தான்! அதனால்தான் சந்திரனுக்குப் போன அப்பல்லோ வீரர்கள் நடுவழியில் பாதையைத் திருத்திக்கொண்டார்கள். ஆக, கதாசிரியர்கள் இதில் முற்றிலும் புளுகவில்லை.

தொலைவு விஷயத்தில்தான் கற்பனை மிஞ்சிவிட்டது. வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளிக்கே ஆல்பா சென்டாரியை அடைய நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். ஐந்தரை ஆண்டில் போவதானால் ஒளியின் வேகத்தில் முக்கால் பங்குக்கும் அதிகம் வேண்டும். 1977இல் ஏவிய வாயேஜர் 1 வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்கிறது. அந்த வேகத்தில் போனால் 70,000 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும்.

உறைந்த தூக்கமும் அப்படியே. உடலில் பெரும்பகுதி நீர். அது பனிக்கட்டியானால் உயிரணுக்கள் கிழியும். மனிதக் கருவை உறைய வைத்துக் காப்பாற்றுகிறார்கள். முழு மனிதனை உறைய வைத்து எழுப்பியவர் எவருமில்லை.

பிள்ளைகள் மிகவும் விரும்பியது, ஆபத்து வந்தால் கைகளை ஆட்டிச் சிறுவன் வில்லை எச்சரிக்கும் இயந்திர மனிதனைத்தான். உள்ளே நின்று அசைத்தவர் பாப் மே. குரல் கொடுத்தவர் டிக் டஃபெல்ட். ஜானதன் ஹாரிஸ் நடித்த ஸ்மித்தோ முதலில் கொடியவர், பின்னர் கோமாளி. நமக்கு அந்த முதல் ஸ்மித்தையே பிடிக்கும்.

1968 மார்ச்சில் வந்த கடைசிப் பகுதியில் அவர்கள் பழைய இயந்திரங்கள் குவிந்த ஒரு கிரகத்தில் அகப்பட்டுத் தப்புகிறார்கள். அத்துடன் தொடர் நின்றது. அவர்கள் வீடு திரும்பும் பகுதி எடுக்கப்படவேயில்லை.